கேமரா காணாத சூடு: லேப்ராஸ்கோப்பியில் மின்னறுவைக் கருவிகளைப் பாதுகாப்பாகக் கையாள முழுமையான வழிகாட்டி

லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளைகளிட்டு, கேமரா வழியே பார்த்துச் செய்யும் அறுவை) செய்யும்போது திரையில் தெரிவது கருவியின் நுனியும் அதைச் சுற்றியுள்ள சில சென்டிமீட்டர் இடமும்தான். முப்பது சென்டிமீட்டருக்கும் அதிக நீளமுள்ள தண்டின் பெரும்பகுதி திரைக்கு வெளியே, பல நேரம் குடலை உரசியபடி இருக்கிறது. திசுவை வெட்டவும் உறையவைக்கவும் செலுத்தும் மின்னோட்டமோ அந்தத் தண்டு முழுக்கப் பாய்கிறது. நுனியில் வேலை சுத்தமாக நடந்துகொண்டிருக்கும் அதே வினாடியில், பத்து சென்டிமீட்டர் பின்னால் குடலின் மேல் ஒரு வெள்ளைப் புள்ளி விழலாம். அன்றைக்கு அது யார் கண்ணிலும் படாது. நோயாளி வீடு திரும்பிய பிறகு அந்தப் புள்ளி துளையாகிறது.

அறுவை மருத்துவப் பயிற்சியில் இருப்பவர்கள், தியேட்டர் செவிலியர்கள், டெக்னீஷியன்கள், பயோமெடிக்கல் பொறியாளர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். கருவியைச் சோதிப்பதில் தொடங்கி, நோயாளி வீடு போன பிறகு கவனிக்க வேண்டியது வரை வேலை நடக்கும் வரிசையிலேயே போவோம். எல்லாப் படிகளுக்கும் அடியில் இருப்பது ஒரே விஷயம்: சூட்டை நுனியில் மட்டும் தேடக்கூடாது. ஜெனரேட்டரிலிருந்து புறப்பட்டு ஜெனரேட்டருக்கே திரும்பும் மின்னோட்டத்தின் முழுப் பாதையிலும் தேட வேண்டும்.

சூடு எப்படிப் பிறக்கிறது

1926 அக்டோபர் 1 அன்று, பாஸ்டனில் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங், வில்லியம் போவி வடிவமைத்த ஜெனரேட்டரை முதன்முதலாக அறுவை சிகிச்சையில் பயன்படுத்தினார். இன்றைய இயந்திரங்கள் எவ்வளவோ நுட்பமானவை. ஆனாலும் அடிப்படை இயற்பியல் மாறவில்லை. சுமார் 100 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் போனால் மின்னோட்டம் நரம்பையும் தசையையும் தூண்டுவதில்லை. அதனால்தான் சில நூறு கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் உடலுக்குள் மின்சாரத்தைச் செலுத்த முடிகிறது. மின்முனை தானாகப் பழுக்கக் காய்ந்து திசுவைச் சுடுவதில்லை. திசுவின் மின்தடையால் திசுவுக்குள்ளேயே சூடு பிறக்கிறது. அந்தச் சூடு பிறகு மின்முனைக்கும் ஏறுகிறது.

எவ்வளவு சூடு என்பதைத் தீர்மானிப்பது மின்னோட்ட அடர்த்தி, அதாவது எவ்வளவு மின்னோட்டம் எவ்வளவு சிறிய பரப்பில் நுழைகிறது என்பது. சூடு இந்த அடர்த்தியின் வர்க்கத்துக்கு ஏற்ப உயரும். தொடும் வட்டத்தின் விட்டம் பாதியானால் பரப்பு கால் பங்காகிறது. அடர்த்தி 4 மடங்கு, சூடு 16 மடங்கு. ஹுக் எனும் கொக்கி வடிவக் கருவியின் நுனி வெட்டுவதும், அதே மின்னோட்டம் தொடையில் ஒட்டிய பேட் (மின்னோட்டத்தை ஜெனரேட்டருக்குத் திருப்பும் ஒட்டுத் தகடு) வழியாக வெளியேறும்போது தோல் சுட்டுப்போகாததும் இதனால்தான். இன்சுலேஷனில் (தண்டை மூடும் மின்காப்பு உறையில்) கண்ணுக்குத் தெரியாத ஊசித்துளை, கண்ணுக்குத் தெரியும் பெரிய கிழிசலைவிட ஆபத்தானது என்பதற்கும் இதே கணக்குதான் காரணம்.

திசுவின் பக்கம் இருந்து பார்த்தால், வெப்பநிலையோடு நேரமும் சேர்ந்தே சேதத்தை முடிவு செய்கிறது. தோல் தீக்காயம் பற்றி மோரிட்ஸும் ஹென்ரிக்கஸும் 1947இல் வெளியிட்ட ஆய்வில், 44 டிகிரி செல்சியஸில் காயம் உண்டாக ஏறத்தாழ 6 மணி நேரம் பிடித்தது. 70 டிகிரியில் ஒரு வினாடிகூடத் தேவைப்படவில்லை. திசுக்களுக்கு நினைவில் வைக்க வேண்டிய எல்லைகள் இவை: 50 டிகிரியில் சில நிமிடங்களில் செல்கள் மீள முடியாமல் சாகின்றன. 60ஐத் தாண்டினால் உடனடியாக. 60க்கும் 95க்கும் நடுவே புரதம் உறைந்து திசு வெளுக்கிறது, ஈரம் வற்றுகிறது. 100இல் செல்லுக்குள் இருக்கும் நீர் ஆவியாகிச் செல் வெடிக்கிறது. வெட்டு என்பது அதுதான். 200க்கு மேல் கரியாகிறது.

60 டிகிரி என்ற எண்ணைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கருவி திசுவைவிட்டு விலகிய பிறகும் அதன் நுனி இந்த எல்லைக்கு மேல்தான் இருக்கிறது என்பது, பிறகு வரும் ஒரு படியின் மையம்.

படி 1: கருவியைச் சோதியுங்கள், குறிப்பாக நுனிப்பக்க மூன்றிலொரு பங்கை

திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் கருவிகளின் இன்சுலேஷன் தேய்கிறது. ஒவ்வொரு முறை டிரோகார் (வயிற்றுச் சுவரில் பொருத்தும் நுழைவுக் குழாய்) வால்வுக்குள் நுழையும்போதும், தட்டில் மற்றக் கருவிகளோடு உரசும்போதும், ஆட்டோகிளேவின் (நீராவியால் கிருமி நீக்கும் கலத்தின்) சூட்டிலும் அது கொஞ்சம் கொஞ்சமாகப் பலவீனப்படுகிறது. 2010இல் வெளியான ஓர் ஆய்வில், மறுபயன்பாட்டுக் கருவிகளில் 19 சதவீதத்திலும், ஒருமுறைப் பயன்பாட்டுக் கருவிகளில் 3 சதவீதத்திலும் இன்சுலேஷன் பழுது காணப்பட்டது. பழுது அதிகமாக இருந்தது நுனிப்பக்க மூன்றிலொரு பங்கில். உடலுக்குள் இருந்தும் பெரும்பாலும் கேமராவுக்குப் படாத பகுதி அது.

கண்ணால் பார்ப்பது தேவை, ஆனால் போதாது. நல்ல வெளிச்சத்தில், உருப்பெருக்கியோடு தண்டைச் சுழற்றிப் பாருங்கள். இன்சுலேஷன் முடிந்து உலோகம் தொடங்கும் விளிம்பு, கைப்பிடியை ஒட்டிய கழுத்து, தாடைகள் திறந்து மூடும் மூட்டு ஆகிய மூன்று இடங்களில் கூடுதல் நேரம் செலவிடுங்கள். உறை தளர்ந்து முன்னும் பின்னும் நகர்கிறதா என்று விரலால் தள்ளிப் பாருங்கள். சில கருவிகளில் உறை இரண்டு நிறங்களில், இரண்டு அடுக்காக இருக்கும். உள் நிறம் வெளியே தெரிந்தால் அந்தக் கருவியின் ஆயுள் முடிந்தது.

பிறகு இன்சுலேஷன் டெஸ்டர். கருவியின் உலோகப் பகுதியோடு மின் இணைப்புக் கொடுத்து, உறையின் மேல் வளையத்தையோ பிரஷ்ஷையோ ஓட்டினால், ஊசித்துளை உள்ள இடத்தில் எச்சரிக்கை ஒலி எழும். உறை காய்ந்திருக்க வேண்டும். ஈரம் தவறான முடிவு தரும். ஒவ்வொரு சுத்திகரிப்புச் சுற்றிலும் இதைச் செய்ய வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. மாதம் ஒருமுறை சோதிக்கும் பழக்கம், நடுவில் உள்ள நாள்களின் நோயாளிகளைக் கணக்கில் எடுப்பதில்லை. பழுதான கருவியை டேப் சுற்றி மீண்டும் தட்டில் வைப்பது எந்தச் சூழலிலும் ஏற்க முடியாதது.

கேபிளையும் விடாதீர்கள். பிளக் அருகிலும் கைப்பிடி அருகிலும் வளைத்துப் பார்த்து, உள்ளே கம்பி முறிந்திருக்கிறதா என்று சோதியுங்கள். ஜெனரேட்டரின் வெளியீடு, மின்கசிவு, பேட் எச்சரிக்கை ஆகியவற்றை அட்டவணைப்படி அளந்து பதிவு செய்வது பயோமெடிக்கல் பிரிவின் பொறுப்பு.

படி 2: பேட்

மோனோபோலாரில், அதாவது ஒரே மின்முனையால் வேலை செய்யும் முறையில், உள்ளே போன மின்னோட்டம் முழுவதும் பேட் வழியாகத்தான் திரும்ப வேண்டும். சர்வதேச மின்தொழில்நுட்ப ஆணையத்தின் (ஐ.இ.சி.) 60601-2-2 தரநிலையின் சோதனையில், 700 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை 60 வினாடி செலுத்தினாலும் பேட்டுக்கு அடியில் வெப்பநிலை 6 டிகிரிக்கு மேல் உயரக்கூடாது. முழுப் பரப்பும் ஒட்டியிருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. பாதி உரிந்த பேட்டுக்கு இது பொருந்தாது.

இரத்த ஓட்டம் நிறைந்த, தசைப்பற்றுள்ள, அறுவை நடக்கும் இடத்துக்கு முடிந்தவரை அருகிலுள்ள பகுதியைத் தேர்ந்தெடுங்கள். எலும்புப் புடைப்பு, தழும்பு, அடர்ந்த முடி, உலோக இம்பிளான்ட்டின் நேர்மேல் பகுதி ஆகியவற்றைத் தவிருங்கள். ஒரு பக்க இடுப்பு மூட்டு மாற்றப்பட்டிருந்தால் மறுபக்கம் ஒட்டுங்கள். தோல் சுத்தமாகவும் உலர்ந்தும் இருக்க வேண்டும். மின்னோட்டம் பேட்டின் முன்விளிம்பில்தான் அதிகம் திரளும் என்பதால், நீண்ட பக்கம் அறுவை இடத்தை நோக்கட்டும். பேட்டை வெட்டிச் சிறிதாக்கக் கூடாது. குழந்தைகளுக்கு எடைக்கேற்ற அளவில் தனிப் பேட்டுகள் உண்டு.

நோயாளியின் நிலையை மாற்றியதும் பேட்டை மறுபடி பாருங்கள். தலைகீழ்ச் சாய்விலோ பக்கவாட்டிலோ திருப்பும்போது விளிம்பு உரியலாம், கழுவுநீர் அடியில் தேங்கலாம்.

இரண்டாகப் பிரிந்த பேட்டுகளில், ஒட்டுதல் குறைந்தால் ஜெனரேட்டரே நின்றுவிடும் வசதி இருக்கிறது. பேட் தீக்காயங்களைப் பெரிதும் குறைத்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் பேட்டின் ஒட்டுதல் மட்டுமே அதற்குத் தெரியும். வயிற்றுக்குள் இருக்கும் கருவியின் இன்சுலேஷன் கிழிந்திருப்பது அதற்குத் தெரியாது. பச்சை விளக்கு எரிவதால் எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது என்று நம்புவது, தியேட்டர்களில் நான் மிகவும் அஞ்சும் நம்பிக்கை.

படி 3: டிரோகார்களும் கேபிள்களும்

இரண்டு மின்கடத்திகளுக்கு நடுவே ஒரு மின்காப்பு இருந்தால் அது ஒரு கெப்பாசிட்டர். கருவியின் உள்கம்பி, அதன் மேல் உறை, அதற்கு வெளியே உலோக கேனுலா (டிரோகாரின் குழாய்) என்று லேப்ராஸ்கோப்பி தானாகவே ஒரு கெப்பாசிட்டரைக் கட்டிவிடுகிறது. உறையில் ஒரு கீறல்கூட இல்லாவிட்டாலும், மாறுதிசை மின்னோட்டம் கேனுலாவுக்குத் தாவும்.

கேனுலா முழுவதும் உலோகமாக இருந்தால், தாவிய மின்னோட்டம் வயிற்றுச் சுவரின் பரந்த பரப்பில் பரவி, சூடு ஏறாமல் பேட்டுக்குப் போய்விடும். முழுவதும் பிளாஸ்டிக்காக இருந்தால் கேனுலா அந்த இரண்டாவது கடத்தியாக ஆவதில்லை. உலோகக் குழாயைப் பிளாஸ்டிக் கழுத்து பிடித்திருக்கும் கலப்பு அமைப்புதான் ஆபத்து. உலோகத்தில் சேர்ந்த மின்னோட்டம் வயிற்றுச் சுவருக்குப் போக வழியில்லாமல், குழாயின் முனையைத் தொடும் குடலில் இறங்கும். ஆகவே மோனோபோலார் கருவி போகும் போர்ட்டில் (நுழைவுத் துளையில்) கலப்பு டிரோகாரைப் பயன்படுத்த வேண்டாம். நழுவாமல் இருக்கட்டும் என்று உலோக கேனுலாவின் மேல் பிளாஸ்டிக் பற்றிப்பிடிப்பான் மாட்டுவதும் அதே கலப்பைத்தான் உண்டாக்குகிறது. மின்முனையை உலோக சக்‌ஷன் குழாய்க்குள் செலுத்தி வேலை செய்யும்போதும் இதையே எதிர்பார்க்க வேண்டும்.

தாவும் அளவு நான்கு காரணங்களால் கூடுகிறது: கேனுலா குறுகலாக இருப்பது, உறை மெலிதாக இருப்பது, மின்னழுத்தம் அதிகமாக இருப்பது, நுனி எதையும் தொடாத நிலையில் மின்னோட்டத்தை இயக்கும் பெடலை மிதிப்பது. முதல் இரண்டும் கருவியைத் தேர்வு செய்பவர் கையில். அடுத்த இரண்டும் அறுவை மருத்துவரின் கையிலும் காலிலும்.

கேபிள்களுக்கு இடையிலும் இப்படி ஆற்றல் தாவும். மின்முனைக் கேபிளும் கேமரா கேபிளும் பக்கம் பக்கமாக ஓடினால் ஒன்று ஒலிபரப்பியாகவும் மற்றது ஆன்டெனாவாகவும் நடந்துகொள்கின்றன. தொடர்பே இல்லாத கருவியின் நுனி சூடாகலாம். அழகாகச் சேர்த்துக் கட்டி, உலோகக் கிளாம்பில் சுற்றி வைப்பது நேர்த்தியாகத் தெரியும். ஆயினும் மோனோபோலார் கேபிளை மற்றவற்றிலிருந்து பிரித்து, வேறு திசையிலிருந்து கொண்டுவருவதே சரி. மீதமுள்ள நீளத்தை வளையமாகச் சுற்றவும் வேண்டாம்.

ஒரே துளை வழியாகப் பல கருவிகள் போகும் சிகிச்சைகளில் தண்டுகள் நெருக்கமாகக் குறுக்கிடுவதால் இந்த ஆபத்துகள் எல்லாமே கூடுகின்றன. அங்கே, இரண்டு தாடைகளுக்கு நடுவே மட்டும் மின்னோட்டம் ஓடும் பைபோலாரையே முதல் தேர்வாக வைத்துக்கொள்வது நல்லது.

படி 4: அமைப்பும் அலைவடிவமும்

கட் (வெட்டும்) முறையில் மின்னோட்டம் தொடர்ச்சியாக, ஒப்பீட்டளவில் குறைந்த மின்னழுத்தத்தில் பாய்கிறது. கோயாக் (உறையவைக்கும்) முறையில் நேரத்தின் சிறு பங்கில் மட்டும், வழக்கமாக 6 சதவீத அளவில், துண்டு துண்டாகப் பாய்கிறது. அதே வாட்டைக் குறைந்த நேரத்துக்குள் தர வேண்டியிருப்பதால் மின்னழுத்தம் பல ஆயிரம் வோல்ட்டுக்கு ஏறுகிறது. உறையின் பலவீனமான இடத்தை உடைத்துக்கொண்டு வெளியேற வைப்பது அந்த அழுத்தம்தான். இரத்தத்தை நிறுத்தக் கோயாக்தான் வேண்டும் என்ற பழக்கம் ஆழமாக ஊறியிருக்கிறது. ஆனால் இரத்தக்குழாயைப் பிடித்து அழுத்திக்கொண்டு, மின்முனையை நன்றாகத் தொடவைத்துக் கட் முறையில் செலுத்தினாலும் திசு உறையும், அதுவும் குறைந்த மின்னழுத்தத்தில். லேப்ராஸ்கோப்பியில் இந்தப் பழக்கத்தை வளர்த்துக்கொள்வது மிகவும் பயன் தரும். இடைவெளிவிட்டுத் தீப்பொறி பாய்ச்சும் ஸ்ப்ரே முறையை ஈரல் படுகை போன்ற பரந்த கசிவுக்கு மட்டும் ஒதுக்குங்கள்.

வேலை நடக்கும் மிகக் குறைந்த வாட்டில் தொடங்குங்கள். "பவர் பத்தலை, கூட்டுங்க" என்ற குரல் வந்தால், எண்ணைக் கூட்டுவதற்கு முன் பேட், கேபிள் இணைப்பு, நுனியில் படிந்த கரி ஆகிய மூன்றையும் பாருங்கள். வழக்கமான அமைப்பில் கருவி திடீரென்று வேலை செய்யவில்லை என்றால் மின்னோட்டம் வேறெங்கோ போய்க்கொண்டிருக்கலாம். அந்த நேரத்தில் வாட்டைக் கூட்டுவது, போகக்கூடாத இடத்துக்குப் போகும் மின்னோட்டத்தைத்தான் கூட்டும். இதைச் சொல்லி அறுவை மருத்துவரை ஒரு நிமிடம் நிறுத்தச் செவிலியருக்கு முழு உரிமை இருக்க வேண்டும்.

படி 5: பெடலை மிதிக்கும் கணம்

கருவியைப் பிடித்திருப்பவர் மட்டுமே பெடலை மிதிக்க வேண்டும். மோனோபோலார், பைபோலார் பெடல்கள் இரண்டும் தரையில் இருந்தால், எது எங்கே என்று தொடங்கும் முன்பே வாய்விட்டுச் சொல்லி உறுதி செய்யுங்கள். ஜெனரேட்டரின் ஒலியைக் குறைக்காதீர்கள். தவறுதலாக மிதிபட்டதைச் சொல்லும் ஒரே சாட்சி அந்த ஒலி.

மிதிக்கும் முன் நுனியின் உலோகப் பகுதி முழுவதும் திரையில் தெரிய வேண்டும். பாதிதான் தெரிகிறது என்றால் கேமரா பிடிப்பவர் பின்வாங்கிக் காட்டட்டும். நுனி திசுவைத் தொட்ட பிறகே மிதியுங்கள். காற்றில் மிதித்தால் மின்னழுத்தம் உச்சத்துக்குப் போகிறது. விட்டுவிட்டு, ஒவ்வொன்றும் ஒன்றிரண்டு வினாடிக்கு மேல் போகாமல் செலுத்துங்கள். இடைவெளியில் இரத்த ஓட்டம் சூட்டை எடுத்துக்கொண்டு போகும்.

ஹுக்கால் வேலை செய்யும்போது திசுவை மெல்லிய இழையாகக் கோத்து, அடியில் உள்ள அமைப்பிலிருந்து விலக்கித் தூக்கி, பின்பக்கம் என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே செலுத்துங்கள். இழுவிசை அறுந்ததும் ஹுக் தெறித்துப் போய் எதன் மேல் விழும் என்பதையும் முன்கூட்டியே யோசியுங்கள்.

அருகில் கிளிப், ஸ்டேப்பிள், உலோக கிராஸ்பர் (திசுவைப் பிடிக்கும் கருவி), லேப்ராஸ்கோப்பின் உலோகத் தண்டு ஏதேனும் இருந்தால் அவற்றைத் தொட்டபடி செலுத்தக்கூடாது. பித்தப்பை அறுவையில் நாளத்தை மூடிய கிளிப்பை மின்முனை தொட்டால், கிளிப் பிடித்திருக்கும் நாளத்தைச் சுற்றியே திசு சாகிறது. சில நாள் கழித்து அந்தக் கிளிப் நழுவிப் பித்தம் கசியும்.

பலரும் கவனிக்காத இன்னொன்று: குறுகலான திசு. அகன்ற வாய்க்காலில் அமைதியாக வரும் நீர் மதகில் சீறுவதுபோல, மின்னோட்டமும் பாதை குறுகும் இடத்தில் அடர்த்தியாகிறது. குடலோடு ஒட்டிய மெல்லிய ஒட்டிழையை (உறுப்புகளைப் பிணைக்கும் தழும்பு இழையை) நடுவில் மோனோபோலாரால் வெட்டும்போது, இழையின் மிகக் குறுகிய இடம் குடல் பக்கமாக இருந்தால் மின்முனை தொடாத அந்த இடமே அதிகமாகச் சூடாகும். குடலைத் தொடும் ஒட்டிழைகளுக்குக் கத்தரிக்கோலே சிறந்தது. இரத்தம் வரும் என்றால் பைபோலார்.

மிதிக்கும்போதெல்லாம் வயிற்றுச் சுவர் துடிக்கிறதா? திரையில் வழக்கத்துக்கு மாறாகக் கோடுகள் ஓடுகின்றனவா? கேனுலாவுக்குள் மின்பொறி தாவுவதன் அடையாளமாக இருக்கலாம். நிறுத்திக் கருவியை வெளியே எடுத்து உறையைப் பாருங்கள். உள்கம்பிக்கும் உறைக்கும் வெளியே ஒரு பாதுகாப்பு உலோகக் கவசம் வைத்து, தப்பும் மின்னோட்டத்தைத் தொடர்ந்து கண்காணித்து, அளவு மீறினால் ஜெனரேட்டரை நிறுத்தும் கருவிகளும் இருக்கின்றன. இன்சுலேஷன் பழுதையும் கெப்பாசிட்டர் தாவலையும் ஒருசேரத் தடுக்கும் வழி என்பதால், வாங்கும் வாய்ப்பு உள்ள இடங்களில் அதற்கு முன்னுரிமை தரலாம்.

படி 6: பைபோலார், சீலர், அல்ட்ராசோனிக்

பைபோலாரில் மின்னோட்டம் இரண்டு தாடைகளுக்கு நடுவே மட்டும் ஓடுவதால் மேலே சொன்ன பல ஆபத்துகள் விலகுகின்றன. சூடு பரவுவது விலகுவதில்லை. திசுவிலிருந்து ஆவி எழுவது அடங்கியதும் நிறுத்துங்கள். அதன் பிறகு செலுத்தும் ஒவ்வொரு வினாடியும் பக்கவாட்டில்தான் போகிறது. தாடையும் ஒட்டிக்கொள்ளும், இழுத்தால் உறைந்த இரத்தக்குழாய் மீண்டும் திறக்கும். கருப்பை நீக்கத்தில் கருப்பைத் தமனியைச் சுடும்போது சிறுநீர்க்குழாய் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அதைக் கண்ணால் கண்டு, விலக்கி வைத்த பிறகு செலுத்துவதே ஒழுங்கு.

7 மில்லிமீட்டர் வரையிலான இரத்தக்குழாய்களை மூடும் சீலர்கள் திசுவின் மின்தடையை அளந்து தாமாகவே நிற்கின்றன. அவற்றின் பக்கவாட்டுச் சூடு வழக்கமாக 2, 3 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். ஒலி முடியும் வரை காத்திருங்கள், தாடைகளை ஈரத்துணியால் துடையுங்கள், கிளிப்பைக் கடித்தபடி செலுத்தாதீர்கள். தாடைக்கு வெளிப்பக்கமாகச் சீறும் ஆவியும் சுடும்.

அல்ட்ராசோனிக் கருவி பற்றித்தான் அதிகத் தவறான எண்ணம் நிலவுகிறது. அதன் பிளேடு வினாடிக்கு ஏறத்தாழ 55,000 முறை அதிர்ந்து உராய்வால் வெட்டுகிறது. நோயாளியின் உடல் வழியே மின்னோட்டம் போவதில்லை. பேட் தேவையில்லை, பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்கு ஏற்றது. இதிலிருந்து "சூடு குறைவு" என்ற முடிவுக்குப் பலர் போய்விடுகிறார்கள். உண்மையில், நீண்ட நேரம் செலுத்தினால் அதன் பிளேடு 100 டிகிரியைத் தாண்டி 200ஐயும் எட்டக்கூடும். தாடையை மூடிவிட்டதும் வேலை முடிந்ததாகக் கை நினைக்கிறது. பிளேடு இன்னும் 60 டிகிரிக்கு வெகு மேலே நிற்கிறது. குளிரப் பல வினாடிகள், சில வேளை அரை நிமிடம்கூட ஆகும்.

ஆகவே செலுத்திய கருவியை உடனே கிராஸ்பராகப் பயன்படுத்தாதீர்கள். குடலைத் தள்ள, தூக்க, ஒதுக்க அது உதவாது; அதற்கு மறு கையில் இருக்கும் சூடில்லாத கருவி இருக்கிறது. செலுத்தும்போது அதிரும் பிளேடு கண்ணுக்குத் தெரியும் பக்கமாக, குடலுக்கு எதிர்ப்பக்கமாக இருக்கட்டும். அடுத்த திசுவைத் தொடும் முன் சூடு தாங்கக்கூடிய இடத்தில், வயிற்றுச் சுவர்க் கொழுப்பிலோ உள்ளே வைத்த ஈர காஸ் துணியிலோ, நுனியை ஒரு முறை தொட்டு ஆற்றுங்கள். வேலையில்லாத நேரத்தில் எந்தச் சக்திக் கருவியும் வயிற்றுக்குள் இருக்கக்கூடாது. வெளியே எடுத்தால் நோயாளியின் மேல் போடாமல் அதற்கான உறையில் வையுங்கள்.

படி 7: ரோபோ, பேஸ்மேக்கர்

பெரும்பாலான ரோபோ அமைப்புகளில் கையில் தொடு உணர்வு இல்லாததால், தண்டு எதை அழுத்துகிறது என்பது மருத்துவருக்குத் தெரிவதில்லை. மோனோபோலார் கத்தரிக்கோலின் மணிக்கட்டுப் பகுதியை மூடும் நுனி உறையை ஒவ்வொரு சிகிச்சைக்கும் புதிதாக மாட்டுங்கள். மாட்டியதும் ஆரஞ்சு நிற அடையாளம் போன்ற தயாரிப்பாளரின் குறிகளைச் சரிபாருங்கள். கருவிகள் ஒன்றோடொன்று மோதினால் வெளியே எடுத்து அந்த உறையைப் பார்க்க வேண்டும்.

பேஸ்மேக்கர் உள்ளவர்களுக்குப் பைபோலார் அல்லது அல்ட்ராசோனிக் நல்லது. மோனோபோலார் தவிர்க்க முடியாவிட்டால், நுனிக்கும் பேட்டுக்கும் நடுவே உள்ள பாதை பேஸ்மேக்கரையும் அதன் கம்பிகளையும் கடக்காதபடி பேட்டை ஒட்டி, 5 வினாடிக்கும் குறைவாக விட்டுவிட்டுச் செலுத்துங்கள். மயக்க மருத்துவரோடும் இதயப் பிரிவோடும் முன்கூட்டியே பேசிவைப்பது கட்டாயம்.

படி 8: ஒளிக் கேபிளும் தீயும்

லேப்ராஸ்கோப்பிலிருந்து கழற்றிய ஒளிக் கேபிளை எரியும் நிலையில் விரிப்பின் மேல் வைத்தால் சில வினாடிகளில் துணி கருகும், அடியில் உள்ள தோலும் சுடும். எல்லாம் இணைத்த பிறகே ஒளியை ஏற்றுங்கள். கழற்றும் முன் ஸ்டாண்ட்பையில் போடுங்கள்.

ஆல்கஹால் கலந்த கிருமிநீக்கியைத் தடவினால் முடியில்லாத தோலில் குறைந்தது 3 நிமிடம் உலர விடுங்கள். முடி உள்ள இடத்தில் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். தொப்புள் குழியில் தேங்கியதை ஒற்றி எடுங்கள். வயிற்றை உப்ப வைக்கும் கார்பன் டை ஆக்சைடு எரிவதில்லை. ஆனால் குடலுக்குள் ஹைட்ரஜனும் மீத்தேனும் இருக்கும். மானிட்டால் கொடுத்துக் குடலைச் சுத்தம் செய்த நோயாளிகளில் மின்பொறியால் குடல் வெடித்த நிகழ்வுகள் மருத்துவ இலக்கியத்தில் பதிவாகியுள்ளன. குடலைத் திறக்கும் கணத்தில் மோனோபோலார் வேண்டாம்.

புகையை போர்ட் வழியாகத் தியேட்டருக்குள் திறந்துவிடாமல் வடிகட்டி வழியாக வெளியேற்றுங்கள்.

படி 9: மூடும் முன்னும் மூடிய பின்னும்

கருவிகளை எடுக்கும் முன் கேமராவை ஒரு சுற்றுச் சுற்றுங்கள். தண்டு கிடந்த பாதை, கேனுலா முனைகளுக்கு அருகிலுள்ள குடல், ஒட்டிழை வெட்டிய இடங்கள் ஆகியவற்றில் வெளுத்த புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், கண்ணுக்குத் தெரிவதைவிடச் சேதம் அகலமானது என்ற கணிப்போடு நடவடிக்கை எடுங்கள். வெளுத்த திசுவின் விளிம்பில் தையல் போட்டால் அந்தத் தையல் நிற்காது. நலமான திசு வரை போக வேண்டும். குடலில் ஆழமான வெப்பக் காயம் என்றால் அந்தத் துண்டையே நீக்க வேண்டியும் வரலாம்.

கத்தியாலோ டிரோகாராலோ உண்டான குடல் துளை ஓரிரு நாளில் தெரிந்துவிடும். சூட்டால் செத்த இடம் உதிர நாளாகும். பல நோயாளிகளிடம் அறிகுறிகள் நான்காம் நாளுக்குப் பிறகே தொடங்குகின்றன. சிறுநீர்க்குழாய்க் காயம் ஒன்றிரண்டு வாரம் கழித்துக் கசிவாக வரும். பித்தநாளத்தின் வெப்பக் காயம் மாதங்கள் கழித்து நாளம் குறுகிப்போவதாகத் தலைகாட்டலாம்.

லேப்ராஸ்கோப்பிக்குப் பிறகு நோயாளி ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிட நன்றாக இருக்க வேண்டும். தேறிவந்தவருக்கு வலி திரும்பி ஏறினால், வயிறு உப்பினால், நாடித்துடிப்பு காரணமில்லாமல் உயர்ந்தால், வேறு காரணம் நிரூபணமாகும் வரை குடல் காயம் என்றே எண்ணி ஆராயுங்கள். காய்ச்சல் இல்லை, வெள்ளணுக்கள் உயரவில்லை என்பதால் சமாதானம் அடைய வேண்டாம். வெள்ளணு எண்ணிக்கை குறைவதும் ஓர் அடையாளம். வீட்டுக்கு அனுப்பும்போது இந்த மூன்று அறிகுறிகளையும், எந்த நேரத்திலும் கூப்பிடக்கூடிய தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுங்கள். குடும்பத்தில் ஒருவரிடமும் அதைப் படித்துக் காட்டுங்கள்.

படி 10: காயம் நடந்துவிட்டால்

கருவி, கேபிள், பேட் மூன்றையும் அப்படியே தனிப் பையில் போட்டு அடையாளமிடுங்கள். சுத்தம் செய்வதற்கோ குப்பைக்கோ அனுப்ப வேண்டாம். ஜெனரேட்டரின் வாட், முறை, எச்சரிக்கை வந்ததா, எந்த டிரோகார், கேபிள்கள் எப்படிப் போயிருந்தன ஆகியவற்றை நினைவு மங்கும் முன் எழுதிவையுங்கள். பேட் இருந்த இடத்தில் தோல் சிவந்திருந்தால் புகைப்படம் எடுங்கள். அழுத்தப் புண்ணும் கிருமிநீக்கியால் வந்த இரசாயனப் புண்ணும் மின் தீக்காயம்போலவே தெரியும். அதன் வடிவமும் இடமும்தான் பின்னர் பிரித்துச் சொல்லும். ஜெனரேட்டரைப் பயோமெடிக்கல் பிரிவு அளந்து சான்று தரும் வரை வேறு நோயாளிக்குப் பயன்படுத்தாதீர்கள். அதே தொகுப்பில் வாங்கிய மற்றக் கருவிகள் எந்தத் தியேட்டரில் இருந்தாலும் அன்றே வரவழைத்து, இன்சுலேஷன் டெஸ்டரில் ஓட்டிப் பாருங்கள்.